எம்பிபிஎஸ் பிள்ளைங்களை பத்தாலஜி பக்கம் கொண்டுவர என்ன செய்யலாம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆசாரிபள்ளத்துலயும் குலசேகரத்துலயும் மெடிக்கல் காலேஜ் இருக்கு, செகண்ட் இயர்ல எல்லா பிள்ளைங்களும் பத்தாலஜி, அதாவது திசுவையும் செல்லையும் பாத்து நோயைக் கண்டுபிடிக்குற படிப்பு, படிச்சுதான் தாண்டுறாங்க, ஆனா பிஜி (மேல்படிப்பு) கவுன்சிலிங்னு வந்தா மெடிசின், சர்ஜரி, ரேடியோ எதுவும் கிடைக்கலன்னாதான் நம்ம பிராஞ்ச் ஞாபகம் வருது. இதை மாத்தணும்னு ஆசைப்படுற டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல, ஸ்லைடை (திசுவை மெல்லிசா வெட்டி ஒட்டின கண்ணாடித் துண்டு) தனியா காட்டாதீங்க, அந்த ஸ்லைடு யாரோடதுன்னும் சேத்து காட்டுங்க. நெய்யூர்ல கேன்சருக்குன்னே ஆஸ்பத்திரி இருக்குற ஜில்லா இது, கன்னத்துக்குள்ள ஆறாத புண்ணோட வர்ற ஆளைத் தேடி நாம எங்கயும் போக வேண்டாம், வெத்தல பாக்கு கூட போயிலையும் போட்டு பழகினவங்க அத்தனை பேர் வர்றாங்க. அப்படி ஒரு கேஸ் வந்தா ரெண்டு பிள்ளைங்களை அதுக்கு ஒட்ட வச்சிடுங்க. ஓபில பயாப்சி எடுக்குறப்போவே அவங்க நிக்கணும், அந்த சின்ன துண்டு ஃபார்மலின்ல விழுறத பாக்கணும், மறுநாள் வேக்ஸ் பிளாக் ஆனதும் டெக்னீஷியன் அண்ணன் பக்கத்துல நின்னு மைக்ரோடோம்ங்குற வெட்டுற மெஷின்ல நாலு மைக்ரான் கனத்துல வெட்டு விழுறதையும், அந்த ரிப்பன் வாட்டர் பாத்ல சுருக்கம் விரிஞ்சு மிதக்குறதையும் பாக்கணும். அப்புறம் மைக்ரோஸ்கோப்ல கெரட்டின் பேர்ல் (இந்த வகை கேன்சர்ல தெரியுற வட்ட வட்டமான அடுக்கு) தெரியுறப்போ அது பரீட்சைக்கு வரைஞ்ச பிங்க் வட்டம் இல்ல, முந்தாநாள் தங்ககிட்ட பேசின அந்த மனுசனோட வாய்.

ஆபரேஷன் முடிஞ்சு ஸ்பெசிமன் வந்தா அதே பிள்ளைங்களை கிராஸிங் டேபிளுக்கு, அதாவது ஸ்பெசிமனை கண்ணால பாத்து அளந்து வெட்டுற இடத்துக்கு, கூப்பிடுங்க. மார்ஜின்ல, அதாவது வெட்டி எடுத்த ஓரத்துல, இங்க் அடிச்சு, வெட்டி, கட்டிக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு அவங்களே ஸ்கேல் வச்சு அளக்கட்டும், ஃபைனலா மைக்ரோஸ்கோப்ல பாத்து சொல்லுறது நாமதான். வாய் கேன்சர்ல 5 மில்லிமீட்டர் இருந்தா கிளியர், அதுக்குக் கீழ போனா க்ளோஸ் (கட்டி ஓரத்துக்கு ரொம்ப பக்கம்), அந்த அளவை மத்த விஷயங்களோட சேத்து வச்சுதான் அடுத்து ரேடியேஷன் கொடுக்கணுமான்னு முடிவு பண்ணுறாங்க. ரிப்போர்ட்டை எடுத்துட்டு பிள்ளைங்களே சர்ஜனைப் போய் பாக்கட்டும், அவர் கேக்குற கேள்விக்கு அவங்களே பதில் சொல்லட்டும், பத்து லெக்சர் எடுத்தாலும் இந்த அனுபவம் வராது.

பேஷண்டே பாக்காத வேலைன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுக்கு எஃப்என்ஏசி (கட்டியில மெல்லிய ஊசி போட்டு செல் எடுத்துப் பாக்குற டெஸ்ட்) ரூம்ல ஒரு காலை உக்கார வச்சா போதும். தைராய்டு கட்டியோட பயந்து வர்ற அம்மாகிட்ட பேசி தைரியம் சொல்லி ஊசி போட்டு ஸ்மியர் எடுக்குறது நாமதான்னு அங்க தெரியும். ஃப்ரோசன் செக்‌ஷன் வர்ற நாளும் கட்டாயம் கூப்பிடுங்க, ஆபரேஷன் நடக்குறப்போவே திசுவை உறைய வச்சு வெட்டிப் பாத்து உடனே பதில் சொல்லுறது அது, தியேட்டர்ல பேஷண்ட் மயக்கத்துல, சர்ஜன் கையைக் கட்டிட்டு நம்ம போனுக்காக நிக்குறாரு.

ஒரு விஷயம் எனக்கு சுத்தமா பிடிக்காது, நைட் டூட்டி இல்ல, கல்யாணம் ஆன பொம்பளப் பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு சொல்லி ஆள் சேக்குறது. டூட்டி நேரம் உண்மைதான், ஆனா அதை மட்டும் சொன்னா படிப்புல ஆர்வம் உள்ள பிள்ளை ஓடிடும், அதுவும் ஆம்பளப் பிள்ளைங்க அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டாங்க.

வீட்டு ஆளுங்களையும் மறக்கக் கூடாது. நம்ம ஊர்ல “டாக்டருக்கு படிச்சிட்டு லேப்லயா இருக்கப் போற மக்களே”ன்னு அம்மையே கேப்பாங்க. அதுக்கு பதில் பிள்ளை கையில இருக்கணும்னா எம்டி மூணு வருஷம், அப்புறம் டீச்சிங், கேன்சர் ஆஸ்பத்திரி, சொந்த லேப், ஹெமட்டோபத்தாலஜில (ரத்த நோய் பத்தாலஜி) எம்டிக்கு மேல டிஎம்னு இருக்குற வழி எல்லாத்தையும், லேப் போட ஆகுற செலவு, பெரிய செயின் லேப்களோட போட்டி, இதையும் மறைக்காம சொல்லிடுங்க. இதை ஹெச்ஓடி சொல்லுறத விட ரெண்டு மூணு வயசு மூத்த பிஜி ஒருத்தர் கேண்டீன்ல டீ குடிச்சிட்டே சொன்னா நல்லா ஏறும்.

ஆர்வம் காட்டுற பிள்ளையை செகண்ட் இயரோட விட்டுடாதீங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்டுக்கு கைடா நில்லுங்க, எலெக்டிவ்ல, அதாவது பிள்ளைங்களே தேர்ந்தெடுக்குற போஸ்டிங்ல, லேப் பக்கம் எடுக்க வழி இருக்கு, அந்த லிஸ்ட் போடுறப்போ நம்ம டிபார்ட்மென்ட் பேரும் அதுல இருக்கான்னு ஆபீஸ்ல போய் இப்பவே கேட்டு வைங்க.