தீப்பாறைகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர்த் தமிழர்களில் லால்பாக் பூங்காவிலுள்ள பாறையின் மீது ஏறாதவர்கள் குறைவு. உச்சியில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறையைக் கிரானைட் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் பலர். அது கிரானைட் அன்று; அதாவது, உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகிய தீப்பாறை அன்று. சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ் என்னும், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. இரண்டிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகியவையே இருப்பதால், கனிமங்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வருபவர்கள் இங்கே தவறுகிறார்கள். படிகங்கள் அமைந்துள்ள விதத்தையும் பார்க்க வேண்டும். லால்பாக் பாறையைக் குனிந்து பார்த்தால், வெளிர்நிறப் பட்டைகளும் கருநிறப் பட்டைகளும் மாறி மாறி நெளிந்து செல்வது தெரியும். ராமநகரக் குன்றுகளின் குளோஸ்பேட் கிரானைட்டோ சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது. அதில் படிகங்கள் பொதுவாகப் பட்டை கட்டாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும்.

எல்லாத் தீப்பாறைகளும் எரிமலையிலிருந்து கொட்டியவை என்று எண்ணுவதும் சரியன்று. ஆழத்தில் ஆறும் குழம்புக்குப் படிகம் வளர நெடுங்காலம் கிடைக்கிறது. தரைக்கு மேல் வழிந்த லாவா விரைந்து இறுகுவதால், மும்பையைச் சுற்றியுள்ள பசால்ட் என்னும் லாவாப் பாறையில் படிகங்களைப் பெரும்பாலும் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. நுண்மணிகளுக்கு நடுவே சில பெரிய படிகங்கள் மட்டும் பதிந்திருந்தால், குழம்பு முதலில் ஆழத்தில் மெதுவாகவும் பிறகு மேலே வேகமாகவும் குளிர்ந்தது என்று கொள்ளலாம்.

நிறத்தை நம்புவதுதான் மிகப் பரவலான தவறு. கருநிறம் பொதுவாக இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறையைக் காட்டும் என்பது உண்மையே. ஆனால் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் கன்னங்கரேலென்று இருந்தும், வேதியியலில் கிரானைட்டுக்கே நெருங்கியது. சமையலறை மேடைக்குக் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கப்படும் பலகைகளில் பெரும்பாலானவை டோலரைட் அல்லது கேப்ரோ என்னும், இரும்பும் மக்னீசியமும் மிகுந்த வேறு தீப்பாறைகள். கடைப் பெயரைப் பாறையியல் சான்றாகக் கொள்ளலாகாது.

வெயிலிலும் மழையிலும் நிறம் மாறிய மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், புதிதாக உடைந்த முகத்தைக் கைவில்லையால் பார்ப்பதே முறை. அதற்காக லால்பாக்கில் சுத்தியலை எடுத்துவிடக் கூடாது. அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே பாறையின் மீது ஒரு கை நீர் தெளித்தால் போதும், பட்டைகள் துலக்கமாகத் தெரியும்.