ஒரே பையில் இரண்டு கடற்பஞ்சுகள்: கடலில் மார்பகப் புற்றுநோய் மருந்து தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மாதிரி சேகரிக்கப் போன படகில் முதலாண்டு ஆய்வு மாணவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நீருக்குள்ளிருந்து மேலே ஏறியவன் வலைப்பையை நேராக ஐஸ் பெட்டிக்குள் கவிழ்த்தான். கறுப்பு, மஞ்சள், செங்கல் நிறம் என்று நாலைந்து கடற்பஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. “ஆய்வகத்துக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் மேடம்” என்றான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கையுறை போடாமல் இருப்பது, லேபிள் மை ஈரத்தில் கரைவது, குடுவையை மாற்றி வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித்தந்துவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுகிற சில தவறுகள் உண்டு. அதில் ஒன்று என்னிடமிருந்து பத்தொன்பது மாதங்களை எடுத்துக்கொண்டது.

பையில் போட்டதும் சேகரிப்பு முடிந்தது என்று நினைப்பது

பாறை விளிம்பின் அடிப்பக்கத்தில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பழுப்பு நிறக் கடற்பஞ்சு கிடைத்தது. ஈர எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முழுவதையும் துண்டு போட்டு மெத்தனாலில் ஊறவைத்தேன். அந்தக் கச்சாச் சாறு, மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் அளவிலேயே எம்டிஏ-எம்பி-231 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மார்பகப் புற்றுச் செல்களைப் பாதியாகக் குறைத்தது. கச்சாச் சாறு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தாலே மேற்கொண்டு பார்க்கலாம் என்பது இந்தத் துறையில் பலர் வைத்திருக்கும் அளவுகோல். அதோடு 231 என்பது டிரிப்பிள் நெகட்டிவ் வகை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் கிடையாது, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இருப்பதும் கிடையாது. ஏற்பியைக் குறிவைக்கும் ஹார்மோன் மருந்துகளுக்கு அங்கே பிடிமானம் இல்லை. எனக்கு எவ்வளவு ஆசை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாற்றைப் பிரித்தேன், பிரித்ததை மறுபடி பிரித்தேன். வேலை செய்கிற பகுதி கடைசியில் 2 மில்லிகிராம் மிஞ்சியது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுத்தால் அதுவும் கலவைதான் என்று தெரிந்தது. இன்னும் பொருள் வேண்டும். அதே பாறைத்திட்டுக்குப் போய், அதே மாதிரி இருந்த பழுப்புப் பஞ்சை மூன்று கிலோ எடுத்து வந்தேன். சாற்றில் ஒன்றுமே இல்லை. பருவம் மாறியதால் இருக்கலாம் என்று அடுத்த வருடம் அதே மாதத்தில் மறுபடி இறங்கினேன். அப்போதும் ஒன்றுமில்லை.

முதல் சேகரிப்பில் வடிகட்டி எடுத்த சக்கையை ஏதோ நினைப்பில் உறைபெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டை எடுத்து பிளீச்சில் கரைத்தேன். சதை கரைந்து, பஞ்சின் எலும்புக்கூடு போன்ற சிலிக்கா ஊசிகள் மட்டும் அடியில் தங்கின. அவற்றைப் பார்த்த வகைப்பாட்டியல் நிபுணர், இவை ஒரே இனத்தின் ஊசிகள் அல்ல என்றார். பழுப்புப் பஞ்சின் மேல் வேறொரு பஞ்சு மெல்லிய தோல் மாதிரி படர்ந்திருந்திருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்து வெட்டி, சேர்த்து ஊறவைத்திருக்கிறேன். நீருக்கடியில் எடுத்த படம் கிடையாது. முழுத் துண்டு ஒன்றுகூட ஆல்கஹாலில் எடுத்து வைக்கவில்லை. செல்களைக் கொன்ற பொருளைத் தயாரித்தது பழுப்புப் பஞ்சா, மேலே படர்ந்ததா, இரண்டில் ஒன்றுக்குள் வாழ்ந்த பாக்டீரியாவா? இன்றுவரை பதில் இல்லை. அந்த 2 மில்லிகிராம் இன்னமும் உறைபெட்டியில் இருக்கிறது.

பொருள் கைநழுவியதைவிட, படகில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடலில் இது எல்லோருக்கும் வருகிற சிக்கல். உயிரியின் பெயரை வைத்து மருந்தின் முகவரியைச் சொல்லிவிட முடியாது. டோலாஸ்டாட்டின் 10 என்ற வீரியமான பொருளை முதலில் பிரித்தெடுத்தது கடல் முயல் எனப்படும் ஓடில்லா நத்தையிலிருந்து. அதை உண்மையில் தயாரிப்பது அந்த நத்தை மேய்கிற நீலப்பச்சைப் பாசி என்பது பிறகுதான் தெரிந்தது. புகுலா நெரிட்டினா என்ற பிரையோசோவாவில் (பாசி மாதிரி கூட்டமாக ஒட்டி வளரும் சின்னக் கடல் விலங்கு) கிடைத்த பிரையோஸ்டாட்டின் என்ற பொருளின் கதையும் இப்படித்தான். அதற்குள் வாழும் பாக்டீரியாதான் அதைத் தயாரிப்பதாகச் சான்றுகள் காட்டுகின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் புகுலாக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பொருள் இருப்பதில்லை. “பார்க்க அதே மாதிரி இருந்தது” என்று நான் எடுத்து வந்த மூன்று கிலோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவையும் யோசிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு இன்று மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் எரிபுலின், ஹாலிகாண்ட்ரின் பி என்ற கடற்பஞ்சுப் பொருளை மாதிரியாக வைத்து உருவான மருந்து. ஜப்பானில் ஹிராட்டாவும் உவெமுராவும் 1980களில் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற பஞ்சிலிருந்து அதைப் பிரித்தபோது, 600 கிலோ பஞ்சில் கிடைத்தது 12.5 மில்லிகிராம். பின்னர் நியூசிலாந்தின் கைக்கோரா கடற்பகுதியில் லிசோடென்டோரிக்ஸ் என்ற வேறொரு பஞ்சில் அதே பொருள் கிடைத்தது. அங்கே ஒரு டன் பஞ்சுக்குச் சுமார் 300 மில்லிகிராம். அந்தப் பஞ்சு எது, எங்கே வளர்கிறது என்று திட்டவட்டமாகத் தெரிந்திருந்தால் மட்டுமே டன் கணக்கில் திரும்பப் போய் எடுக்க முடியும். என் 400 கிராம் எதற்குமே போதாது. திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது நான் செய்வது இதுதான். வெட்டுவதற்கு முன்னால், அது வளரும் இடத்திலேயே ஃபிளாஷ் போட்டுப் படம், பக்கத்தில் அளவுகோல். ஆழம் போகப் போகச் சிவப்பு ஒளி மறைந்துவிடும் என்பதால் ஃபிளாஷ் இல்லாத படத்தில் செங்கல் நிறமும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு உயிரிக்கு ஒரு பை, அந்தப் பைக்கு ஒரு எண். மேலே வந்ததும் லென்ஸ் வைத்து, வேறெதுவும் படர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி, சுரண்டியதைத் தனியாகப் போடுகிறோம். கட்டைவிரல் அளவுத் துண்டு 70 சதவீத ஆல்கஹாலில், அடையாளம் காண. இன்னொரு சின்னத் துண்டு 95 சதவீதத்தில், டிஎன்ஏவுக்கு. ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். வெளி நிறம், உள் நிறம், கையில் ஒட்டுகிறதா, வாடை எப்படி, பாறையின் மேலா அடியிலா, ஆழம், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் படகிலேயே எழுதிவிட வேண்டும். ஆல்கஹாலில் போட்ட மறுநாளே நிறம் போய்விடும், அப்புறம் நினைவை நம்ப முடியாது. சாறு எடுப்பது பாதியில் மட்டும். மீதிப் பாதி உறைநிலையில் அப்படியே இருக்கும்.

அந்த மாணவனை அன்றைக்கு ஐஸ் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னேன். பையிலேயே இரண்டு பஞ்சுகள் உரசிக் கிழிந்திருந்தன. ஒன்றின் சளி மற்றொன்றின்மேல் படிந்திருந்தது. அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, மறுநாள் மறுபடி இறங்கினோம்.

அனுமதி இல்லாமல் இறங்குவது

இறங்காதீர்கள். ஒரு நாட்டின் உயிரினங்களை ஆய்வுக்கு எடுப்பதற்கான அனுமதி, பலனில் பங்கு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாத மாதிரியில் கிடைத்த எந்தப் பொருளும் மருந்தாகும் வழி அங்கேயே அடைபடும்.

செல் செத்தால் மருந்து என்று எண்ணுவது

கடலில் ஓடாமல் ஓரிடத்தில் ஒட்டி வாழும் உயிரிகளுக்கு விஷம்தான் வேலி. அதனால் செல்லைக் கொல்லும் சாறு கிடைப்பது அபூர்வமே இல்லை. ஹாலிகாண்ட்ரினைத் தந்த அதே ஹாலிகாண்ட்ரியா ஒகடாயிலிருந்துதான் ஒகடாயிக் அமிலமும் வந்தது. அதுவும் செல்லைக் கொல்லும், புற்றுச் செல், நல்ல செல் என்று பார்க்காது. நுண்பாசிகள் தயாரிக்கிற, கிளிஞ்சல் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு தருகிற நஞ்சு அது. ஒரே பஞ்சில் மருந்துக்கு வழிகாட்டிய பொருளும் வெறும் நஞ்சும் இருந்தன. எது எது என்று புற்றுச் செல் வளர்த்த தட்டு மட்டும் சொல்லாது. புற்றாக மாறாத மார்பகச் செல்லான எம்சிஎஃப்-10ஏ போன்ற ஒன்றை, அதே நாளில், அதே சாற்றோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் செத்தால் கொண்டாட எதுவும் இல்லை.

நிறம் மாறுவதை அப்படியே நம்புவது

எம்டிடி சோதனையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. கடற்பஞ்சுச் சாறு பல நேரம் தானே நிறமுள்ளது. சாயத்தைத் தானே ஊதாவாக்கும் பொருள்களும் அதில் இருக்கும். அப்போது செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். செல் இல்லாத குழியில் சாறும் சாயமும் மட்டும் போட்டு ஒரு வரிசை வையுங்கள். உப்பையும் மறக்க வேண்டாம். உப்பு நீக்காத நீர்ச்சாறு, வெறும் உப்பாலேயே செல்லைச் சுருக்கிக் கொல்லும். மூன்று மாதம் ஒரு மாணவி உப்பைத் துரத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணீரோடு வந்து சொன்னாள்.

எம்டிஏ-எம்பி-435

இந்தச் செல்லை மார்பகப் புற்றுநோய்ச் செல் என்று பழைய கட்டுரைகளில் நிறையப் பார்ப்பீர்கள். மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டபோது 2000ஆம் ஆண்டிலேயே அது மெலனோமா கூட்டத்தில் போய் நின்றது. பிறகு எம்14 என்ற தோல் புற்றுச் செல்தான் அது என்று உறுதியானது. இன்னும் அதை வைத்து மார்பகப் புற்றுநோய்க்குச் சாறு கண்டுபிடித்ததாக எழுதுகிறார்கள். உங்கள் உறைபெட்டியில் இருந்தால் லேபிளை இன்றே மாற்றுங்கள். மற்ற செல்களுக்கும் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்து அடையாளத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எம்சிஎஃப்-7 ஒன்றே போதும் என்பது

போதாது. அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுச் செல் வகை மட்டும். ஹெர்2 மிகையாக உள்ள எஸ்கே-பிஆர்-3, டிரிப்பிள் நெகட்டிவான 231 இரண்டையும் சேருங்கள்.

ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று பார்க்காமல் பிரிப்பது

முதலில் மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலை, அப்புறம் தெரிந்த பொருள்களின் தரவுத்தளம். பிரிக்கிற வேலை அதற்குப் பிறகுதான்.

சீக்கிரம் வெளியே சொல்வது

தட்டில் செல் செத்த செய்தி எங்கள் கட்டுரையிலிருந்து எப்படியோ செய்தித்தாளுக்குப் போனது. “கடற்பஞ்சில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து” என்று தலைப்பு. நிருபரிடம் பேசியபோது நான் சந்தோஷத்தில் இருந்தேன், எச்சரிக்கையாக இல்லை. மூன்றாம் நாள் ஒரு அம்மா ஃபோன் செய்தார். மகளுக்கு நோய் கல்லீரல் வரை பரவிவிட்டதாம். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அந்தச் சாறு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். கீமோதெரபியை நிறுத்திவிட்டு வரட்டுமா என்றும் கேட்டார்.

சுறாக் குருத்தெலும்பு பல வருடங்கள் இப்படித்தான் விற்றது. மார்பக, குடல் புற்றுநோய் முற்றியவர்களிடம் முறையாகச் சோதித்தபோது பலனே இல்லை என்று 2005இல் வெளியானது. அதற்குள் எத்தனை பேர் எதை நிறுத்திவிட்டு அதை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அந்த அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினேன். எங்களிடம் இருப்பது மருந்தல்ல, தட்டில் செல்லைக் கொன்ற சாறு, மனித உடம்பில் அது என்ன செய்யும் என்றே தெரியாது என்றேன். சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடலிலிருந்து வந்து முழுச் சோதனையும் முடித்த மருந்து ஒன்று இருக்கிறது என்று எரிபுலின் பற்றிச் சொன்னேன். பஞ்சிலிருந்து பிரித்தது 1980களில். ஹார்வர்டில் கிஷியின் குழு அந்த மூலக்கூறை முழுமையாகச் செயற்கையாக உருவாக்கியது 1992இல். அதில் ஒரு பாதியே வேலைக்குப் போதும் என்று தெரிந்து, அதை எளிமையாக்கி, 2010 நவம்பரில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே பல கீமோக்கள் பார்த்துவிட்ட 762 பெண்களிடம் நடந்த சோதனையில், மருத்துவர் தேர்ந்தெடுத்த வேறு சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 10.6 மாதம், எரிபுலின் பெற்றவர்களுக்கு 13.1 மாதம். எண்களை மறைக்காமல் சொன்னேன். “ரெண்டரை மாசமா” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த முறை போகும்போது மகளின் மருத்துவரிடம் கேட்பதாகச் சொன்னார்.