படம் கம்பெனியை முழுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஷூட்டிங் கைமீறிப் போகிறதா என்பதை வவுச்சர் கட்டுக்குள் தேடாதீர்கள். பில் வந்து சேரவே மூன்று வாரம் ஆகும். முதல் பத்து நாள் முடிந்த ராத்திரி, எத்தனை சீன் எடுத்தாயிற்று என்று அசோசியேட் டைரக்டரிடம் கேளுங்கள். 60 நாளில் 90 சீன் என்று போட்ட ஷெட்யூல் என்றால் பத்தாம் நாள் 15 சீன் முடிந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் ஆகியிருக்கிறதென்றால், இதே வேகத்தில் படம் முடிய 100 நாள் ஆகும். ஒரு நாள் செலவு 12 லட்சம் என்று வைத்தாலும் கூடுதல் 40 நாளுக்கு 4.8 கோடி. "அடுத்த ஷெட்யூல்ல புடிச்சிடலாம் சார்" என்பார்கள். பிடித்தவர்கள் குறைவு.

அன்றைக்கே மூன்று முடிவு எடுக்கலாம்: சீனை வெட்டுவது, வெளிநாட்டுப் பாட்டை ஈ.சி.ஆருக்குக் கொண்டுவருவது, அல்லது நிறுத்திவிட்டு ஸ்கிரிப்டோடு உட்கார்வது. வெட்டுவதைப் பேப்பரிலேயே வெட்ட வேண்டும்; எடிட்டிங் டேபிளில் விழும் சீனுக்கு முழுக் காசும் கொடுத்தாகிவிட்டது. எடிட்டரை முதல் நாளிலிருந்தே உட்கார வையுங்கள். அறுபது சதவீதம் எடுத்ததே 2 மணி 10 நிமிடம் வந்தால், முழுப் படம் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும்.

தாமதம் தனியாக வராது. ஷெட்யூல் உடைந்தால் ஹீரோ அடுத்த படத்துக்குத் தாடியை எடுத்துவிடுவார். அது வளரும்வரை செட் நிற்கும், தள வாடகையும் வாட்ச்மேன் சம்பளமும் ஓடும். ஐப்பசி மழையில் மாட்டிய அவுட்டோர் செட்டில் பிளைவுட் உப்பும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரையும், பெயிண்ட் வேலை முதலிலிருந்து. கேமரா ஓடாத நாளிலும் ஓடுவது வட்டி. பத்துக் கோடிக்கு மாதம் 3 சதவீதம் என்றால் 30 லட்சம். ஆறு மாதம் தள்ளினால் 1.8 கோடி, அதுவும் வட்டிக்கு வட்டி போடாமல். பட்ஜெட் ஷீட்டில் வட்டிக்கு ஒரு வரி இல்லையென்றால் அந்த ஷீட்டை நம்பாதீர்கள்.

ஒரே படத்தால் கைமாறிய அமெரிக்க ஸ்டூடியோ யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் கதையில் கவனிக்க வேண்டியது அக்ரிமெண்ட். மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' ஆறு நாள் ஷூட்டிங்கிலேயே ஐந்து நாள் பின்தங்கியது. தெரு செட் அகலம் போதாதென்று, ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தாமல் இரண்டு பக்கமும் இடித்துக் கட்டச் சொன்னார் இயக்குநர். 1979 கிறிஸ்துமஸ் ரிலீசைப் பிடிக்க ஆகும் கூடுதல் செலவை பட்ஜெட் மீறலாகக் கணக்கிடக் கூடாது என்ற ஷரத்துக்கு கம்பெனியே கையெழுத்துப் போட்டிருந்தது. தேதியையும் பிடிக்கவில்லை. சுமார் 4.4 கோடி டாலர் விழுங்கிய படம் 1980-ல் வந்து அமெரிக்காவில் சுமார் 35 லட்சம் டாலர் வசூலித்தது. அடுத்த வருடமே தாய் நிறுவனம் ஸ்டூடியோவை எம்ஜிஎம்மிடம் விற்றுவிட்டது.

ஆகவே அக்ரிமெண்டில் நாள் கணக்கை எழுதுங்கள். பட்ஜெட்டில் 10 சதவீதம் தனியாக ஒதுக்கி, அதைத் தொட தயாரிப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்று போடுங்கள். அது தீர்ந்தபின் வரும் ஒவ்வொரு நாளுக்கும் இயக்குநர் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதும் அங்கேயே இருக்கட்டும். ஃபர்ஸ்ட் காப்பி முறையில், அதாவது ஒரு மொத்தத் தொகைக்குப் படத்தை முடித்துத் தரும்படி ஒருவரிடம் கொடுத்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பாதியில் நின்ற படத்தைக் கடைசியில் நீங்கள்தான் முடிக்க வேண்டியிருக்கும். (செலவு எகிறியும் ஜெயித்த படம் என்று 'சந்திரலேகா'வை உதாரணம் காட்டுவார்கள். அதை எடுத்த எஸ்.எஸ். வாசனுக்கே இந்தியில் வெளியிட்ட பிறகுதான் போட்ட பணம் திரும்பியது.)

ஒரு படம் தோற்றால் அந்தப் படம்தான் போகும். கம்பெனி போவது, அடுத்த படத்துக்கு வாங்கிய அட்வான்ஸை இதில் கொட்டும்போதும், பழைய படங்களின் உரிமையை அடகு வைக்கும்போதும். ஒவ்வொரு படத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். எந்த ஃபைனான்சியருக்கு எந்தப் படத்தின் எந்த ஏரியா விநியோக உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறது என்று ஒரே தாளில் குறித்து, ரிலீசுக்கு மூன்று வாரம் முன்பே அவர்களிடம் என்ஓசி (வெளியிட ஆட்சேபமில்லை என்ற கடிதம்) கேட்கத் தொடங்குங்கள். வியாழன் ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய பாக்கிக்காரர் வந்து உட்கார்ந்தால், தியேட்டரில் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் கீ போகாது. வெள்ளி காலைக் காட்சி ரத்து.