கட்டற்ற மென்பொருளுக்கு முதல் பில் போடுவது எப்படி?

நிரலை எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். சரி, காசு எங்கிருந்து வரும்? பழைய கேள்விதான். 1985இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் ஈமேக்ஸ் எடிட்டரை காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். இணைய இணைப்பு இருந்தவர்கள் அதையே சும்மா இறக்கிக்கொள்ள முடிந்தது. அது இல்லாதவர்கள் நாடாவுக்குக் காசு கொடுத்தார்கள். இன்றைக்கும் வழி அதுதான்: நிரல் இலவசமாகவே இருக்கட்டும், அதைப் பயன்படுத்துகிறவரிடம் இல்லாத வேறொன்றை விற்க வேண்டும்.

உதாரணத்துக்கு, எக்செல் கோப்பைப் படித்து பிடிஎஃப் பில் தயாரிக்கும் ஒரு பைதான் லைப்ரரி (மற்ற புரோகிராமர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: பயன்படுத்துவது யார் என்று பாருங்கள்

கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம் என்பதை விடுங்கள். பிழைகளையும் கேள்விகளையும் எழுதும் இஷ்யூ பக்கத்தைத் திறந்து, கேள்வி கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். 'காலேஜ் புராஜெக்டுக்கு வேண்டும்' என்று கேட்பவர் காசு தரமாட்டார், தர வேண்டியதும் இல்லை. 'மாதக் கடைசியில் பில் போகாமல் நின்றுவிட்டது, அவசரம்' என்று அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுதுகிறாரே, அவருடைய நிறுவனத்தின் பெயரைக் குறித்து வையுங்கள். இப்படி ஒரு பெயர்கூடத் தேறவில்லையா? இப்போதைக்கு இங்கேயே நிறுத்திவிட்டு, நல்ல ஆவணம் எழுதி ஆட்களைச் சேருங்கள். விற்பதை அப்புறம் பார்க்கலாம்.

படி 2: லைசென்ஸை இப்போதே முடிவு செய்யுங்கள்

எம்ஐடி லைசென்ஸ் போட்டால், உங்கள் பெயரையும் லைசென்ஸ் வரிகளையும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்யலாம். வேகமாகப் பரவும். ஆனால் லைசென்ஸையே விற்கும் வழி அடைபட்டுவிடும். ஜிபிஎல் என்றால், உங்கள் நிரலைச் சேர்த்துச் செய்த பொருளை வெளியே கொடுப்பவர் அதன் மூலநிரலையும் அதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நிரலை மாற்றி இணையச் சேவையாக ஓட்டினாலும், அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மூலநிரல் கிடைக்கச் செய்ய வேண்டும்.

பல நிறுவனங்களுக்கு இந்த நிபந்தனை ஒத்துவராது. அவர்களுக்கு நிபந்தனை இல்லாத தனி லைசென்ஸைக் காசுக்குக் கொடுக்கலாம். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் இப்படித்தான் வளர்ந்தது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியாட்கள் எழுதி அனுப்பிய வரிகளின் பதிப்புரிமை அவர்களுடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த வரிகளை வேறு லைசென்ஸில் விற்க முடியாது. அதனால் முதல் பங்களிப்பைச் சேர்க்கும் முன்பே, அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கும் ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தம் வைத்துவிடுங்கள். நடுவழியில் லைசென்ஸை இறுக்கலாம் என்று நினைத்தால், 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளின் லைசென்ஸை மாற்றியபோது நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் பழைய நிரலை எடுத்து ஓப்பன்டோஃபு என்று தனியாகவே கிளம்பிவிட்டார்கள்.

படி 3: எதை விற்பது என்று தேர்ந்தெடுங்கள்

எனக்குப் பிடித்த உதாரணம் எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளம். உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது. அதன் நிரல் யாரும் உரிமை கோராத பொதுச்சொத்து, லைசென்ஸே தேவையில்லை. ஆனாலும் அதை உருவாக்கிய டி. ரிச்சர்ட் ஹிப்பின் நிறுவனம் அதற்கு 6,000 டாலர் விலையில் ஒரு லைசென்ஸ் விற்கிறது! 'இது சட்டப்படி பயன்படுத்தக்கூடியதுதான்' என்று கையெழுத்திட்ட காகிதம் இல்லாமல் சில நிறுவனங்களின் வக்கீல்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்தக் காகிதத்துக்குத்தான் விலை. பொறியாளர்களுக்குச் சிரிப்பு வரும், வக்கீல்களுக்கு வராது.

இசைப்பதிவு செய்யும் ஆர்டர் (Ardour) மென்பொருளில் வேறு கணக்கு. மூலநிரல் இலவசம், அதை ஓடும் நிரலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம் (கம்பைல் செய்வது என்பார்கள்). அவர்கள் தளத்தில் தயார்நிலையில் இருக்கும் நிரல் வேண்டுமென்றால் காசு. பாடல் பதிவு செய்கிறவருக்குக் கம்பைலரோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது என்பதால் இது நடக்கிறது. நம் பில் லைப்ரரிக்கு இது பொருந்தாது, ஏனென்றால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருமே புரோகிராமர்கள்.

பொருந்துவது சைட்கிக் வழி. ரூபி மொழியில் பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் இந்த லைப்ரரியை மைக் பெர்ஹாம் 2012இல் வெளியிட்டார். அடிப்படை இலவசம். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தேவைப்படும் வசதிகளைச் சேர்த்து புரோ பதிப்பாக விற்கிறார். இந்தத் தொழிலைப் பல ஆண்டுகள் தனி ஆளாகவே நடத்தினார். நம் லைப்ரரியில் கோட்டை எங்கே போடுவது? ஒரு பில், நூறு பில் தயாரிப்பது இலவசம். பத்தாயிரம் பில் ஓடும்போது நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, டிஜிட்டல் கையொப்பம் போடுவது, யார் எப்போது எந்த பில்லை எடுத்தார் என்ற பதிவு ஆகியவை காசுக்கு. ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்த வசதியை மட்டும் திரும்பப் பிடுங்காதீர்கள்.

சர்வரில் நீங்களே ஓட்டிக்கொடுத்து மாதச்சந்தா வாங்குவது இன்னொரு வழி. கோஸ்ட் என்னும் வலைப்பதிவு மென்பொருள் அதில்தான் நிற்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவருக்கு நான் சொல்லமாட்டேன். லினக்ஸுக்கு சப்போர்ட் விற்கும் ரெட் ஹாட்டையும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய நிறுவனம் அது. சப்போர்ட்டுக்கென்றே படைபோல ஆட்கள் வேண்டும், தனி ஆளுக்கு ஆகாது.

படி 4: நன்கொடைப் பொத்தானை வையுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், ஓப்பன் கலெக்டிவ் எதுவானாலும் சரி, பத்து நிமிட வேலை. ஆனால் 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது தெரிந்ததைப் பாருங்கள்: இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்துக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு சுமார் 2,000 டாலர். 2002இல் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரண்டதும் உண்மைதான். பிளெண்டரை ஓவியர்கள் தினமும் திறந்து பார்க்கிறார்கள், அதன்மேல் ஆசை வைத்திருக்கிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் எங்கோ அடியில் கிடக்கிறது. நம் பில் லைப்ரரியும் அந்த அடித்தட்டு ஜாதிதான்.

தவிர, நிறுவனத்தில் வேலை செய்யும் பொறியாளர் நினைத்தாலும் நன்கொடைக்கு ஒப்புதல் வாங்குவது பாடு. அதே தொகைக்கு 'ஓராண்டு சப்போர்ட்' என்று இன்வாய்ஸ் கொடுத்துப் பாருங்கள், கணக்குப் பிரிவு கேள்வி கேட்காமல் அனுப்பிவிடும்.

படி 5: விலை சொல்லுங்கள், எழுதுங்கள்

கிட்ஹப்பில் எல்லோரும் முதலில் பார்க்கும் ரீட்மி கோப்பின் மேல்பகுதியிலேயே விலையைப் போடுங்கள். 'தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் போய்விடுவார்கள். விலையை எப்படிக் கணக்கிடுவது? அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இதே வேலையைச் செய்ய எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களுக்கு அவர் சம்பளம் என்ன என்று பாருங்கள். அதில் சிறு பங்கைக் கேளுங்கள்.

பிறகு படி 1இல் குறித்து வைத்த நிறுவனங்களுக்கு எழுதுங்கள். சுருக்கமாகப் போதும்:

'வணக்கம். எங்கள் லைப்ரரியில் நீங்கள் சொன்ன பிழையைச் சரிசெய்துவிட்டேன். பத்தாயிரம் பில்வரை தடையில்லாமல் ஓட்டும் புரோ பதிப்பும் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் இவ்வளவு. கேள்வி கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தருவேன். வேண்டுமென்றால் இன்வாய்ஸ் அனுப்புகிறேன்.'

பிழையைச் சரிசெய்த பிறகே இதை அனுப்புங்கள், காசு கொடுத்தால்தான் சரிசெய்வேன் என்ற தொனி வரக்கூடாது. அவர்கள் வெண்டர் (விற்பனையாளர்) பதிவுப் படிவம் அனுப்பினால் சலிக்காமல் நிரப்புங்கள், அதற்குப் பின்தான் பணம் வரும். வெளிநாட்டுப் பணம் என்றால், முதல் இன்வாய்ஸ் போகும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து வரி விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.