கண் மஞ்சளானால் கீழாநெல்லி பறிக்கப் போகாதீர்கள்

ஏற்காட்டில் ஒருத்தருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் போதும், வேலியோரத்துக் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலந்து கொடுத்துவிடுவார்கள். ஹெச்ஐவி மாத்திரை சாப்பிடுகிற நாம் அப்படி நாள் கடத்த முடியாது, காரணம் அந்த மாத்திரையாக இருக்கலாம், கூடச் சாப்பிடும் டிபி மாத்திரையாக இருக்கலாம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சள்தான். பகலில் வாசலுக்கு வந்து, கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பாருங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறம், மலம் வெளுப்பு, சோற்றைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். காய்ச்சலோடு தோலில் தடிப்பும் வந்தால் இன்னும் அவசரம்.

நெவிரபின் என்ற ஹெச்ஐவி மருந்து ஆரம்பித்தவர்களுக்கு முதல் 6 வாரம்தான் கல்லீரலுக்கு ஆபத்து அதிகம், 18 வாரம் வரை கவனம் வேண்டும். விசித்திரம் என்னவென்றால், சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருப்பவர்களைத்தான் (பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 400க்கு மேல்) இது அதிகம் தாக்கும். இப்போது பெரும்பாலோருக்குத் தரும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரையில் கல்லீரல் தொல்லை குறைவு, ஆனால் வரவே வராது என்றில்லை. அடாசனாவிர் என்ற இன்னொரு ஹெச்ஐவி மருந்து சாப்பிட்டால் கல்லீரல் கெடாமலே கண் மஞ்சளாகலாம். எது எது என்று எஸ்ஜிபிடி, பிலிருபின் என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா? நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நம்மில் பலருடைய ஹெச்ஐவி மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கும், திடீரென்று விட்டால் அது சீறிக் கிளம்பும். அடுத்த வேளைக்குள் சேலம் ஜிஎச்சில் ஹெச்ஐவி மாத்திரை தரும் ஏஆர்டி சென்டரில் கேட்டுவிடுங்கள். இரவானால் அவசர சிகிச்சைப் பிரிவு, இடையில் சந்தேகம் என்றால் ஹெச்ஐவி உதவி எண் 1097, கட்டணமில்லை.

போகும்போது எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, கையோடு எடுத்துப் போங்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று லேபிளைக் கிழித்துப் பழைய டப்பாவில் போட்டு வைக்கிறோமே (நானும் அந்த ரகம்தான்), அவசரத்தில் டாக்டருக்கு என்ன மருந்தென்றே தெரியாது. பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை நீட்டிவிடலாம்.