திருவையாற்றில் ஸ்பானிஷ் கற்பது எப்படி?
மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரிப் பிள்ளைகள் எப்போதும் இருவராகவே சுற்றுவார்கள்; தெரிந்தவரைக்கும் கற்கிற மொழியிலேயே பேசிக்கொள்வார்கள். அந்த முறையைக் கடன் வாங்குங்கள். எனக்கு ஜோடி அத்தை மகன்.

அவர்களைப் போலவே காலை 6.30க்கு எழுந்திருங்கள். நாங்கள் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் சொல்வோம்: ஆறு ‘ரியோ’, தண்ணீர் ‘அகுவா’. ‘மஞானா’வுக்கு (நாளை) நம்ம ‘ஞ’ கைவசம் இருக்கிறது. ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். இதற்கு நாக்குநுனி பம்புசெட்டு மாதிரி அதிரவேண்டும். எனக்கு ஒரு மாதம் ஆனது. பெரியவர்களுக்கு ‘உஸ்தெத்’, அதாவது நீங்கள். இலக்கணம் அப்புறம்.

கடை விளையாட்டும் விளையாடுங்கள். அவன் மீன்காரன், நான் வாடிக்கையாளர். மீனுக்கு ‘பெஸ்காதோ’. அதில் ‘ஸ்’ஸை விழுங்கி ‘பெகாதோ’ என்றுவிட்டேன். அதற்கு அர்த்தம் பாவ புண்ணியத்தில் வரும் பாவம். மீன் பாவமாகிவிட்டது. “பாவம் கிலோ எவ்வளவு மாப்ளே?” என்று இன்னும் ஓட்டுகிறான்.