"அவ ஏன் அங்க போனா?" என்று கடையில் பேச்சு கிளம்பினால்

பொள்ளாச்சியில் 17 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலு மெஷின், ஒரு ஓவர்லாக், வாசலில் ஒரு பெஞ்ச். பிளவுஸ் வாங்க வந்தவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் ஊர்க்கதை எல்லாம் வந்துவிடும்.

2019 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பெயரே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கின் பெயராகிப் போனது. பெண்களைக் காரில் கூட்டிப்போய், வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலின் வழக்கு. ஒரு பெண் கதறும் குரல் எல்லார் போனிலும் ஓடியது. "எதுக்கு அம்மிணி அவனுக கார்ல ஏறோணும்?" என்று பெஞ்சிலிருந்து ஒரு அக்கா கேட்டார். நான் ஹூக் வைத்துக்கொண்டே, "அதானுங்க்கா, கூப்பிட்டா போயிடறதா?" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பின்னால் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கல்யாணத்துக்கு முன்னால் அவளே சொன்னாள். சின்ன வயதில், சொந்தக்காரர் ஒருவர். "அந்த வாரந்தான் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தனுங்க்கா. நீங்களும் அப்படித்தான்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன்." இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டும் நாலைந்து விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

அதனால் முதல் வேலை, வாய் திறக்கும் முன் கடையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பெஞ்சில் பேசுகிறவர் மாறுவாரா என்பது அப்புறம். தலை குனிந்து தைத்துக்கொண்டிருப்பவள், அம்மாவோடு அளவு கொடுக்க வந்த பிள்ளை, இவர்கள் காதில் விழட்டும் என்றுதான் நான் பதில் சொல்கிறேன். அதனால் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை. குரலை உயர்த்தாமல் தெளிவாக ஒரு வரி சொன்னால் போதும்.

அந்த ஒரு வரியில் "உங்க பொண்ணுக்கு நடந்தா சும்மா இருப்பீங்களா?" என்பது மட்டும் வேண்டாம். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "என் பொண்ணு அப்படியெல்லாம் போறவ இல்லீங்க" என்று பட்டென்று வரும். அதோடு போனவள் எல்லாம் வேறு ஜாதி என்றாகிவிடும். அதற்குப் பதிலாக ஆளை மாற்றிக் கேளுங்கள். "அவ ஏன் போனா?" என்றால், "அவன் ஏன் அப்படிப் பண்ணான்?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நான் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவேன். அந்த மௌனத்தில் அவர்களாகவே ஏதாவது சொல்வார்கள்.

நேரம் கெட்ட நேரத்தில் போனதைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுவதைப் பார்த்தால், வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்கு 90க்கு மேல் செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். சொந்தம், பக்கத்து வீடு, வேலை கொடுத்தவன், காதலிக்கிறேன் என்றவன். எட்டு மணிக்குள் வீட்டுக்கு வா என்றால், ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது?

துணி பற்றிய பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் உரிமை கூடுதல். ஜூன் வந்தால் இங்கே யூனிஃபார்ம் மலைபோலக் குவியும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்புச் சுற்றளவு 24, 25 இன்ச்தான் வரும். கழுத்து ஏற்றித்தான் வைக்கிறோம், மேலே கோட்டும் உண்டு. போக்சோவில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில், வழக்காகிறதே, அந்தப் பிள்ளைகள் போட்டிருந்தது இதைத்தான். "இதுக்கு இன்னும் எத்தனை இன்ச் ஏத்தட்டுங்க்கா?" என்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்கில் பெண்ணின் உடை, நடத்தையைப் பற்றிப் பேசக்கூடாது என்று நீதிபதிகளுக்கே சொல்லியிருக்கிறது. நீதிபதி பேசக்கூடாததை நாம் ஏன் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறோம்?

பெரியவர்கள் கடைசியாக எடுப்பது பழமொழி. "முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதான்." இதற்கு நான் வைத்திருக்கும் பதில்: "முள்ளுக்குக் கையும் காலும் இருக்குதுங்களா? நாலு முள்ளு சேந்து கார் எடுத்துட்டு வருமா? வீடியோ எடுத்து மிரட்டுமா?" சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிழிந்த சேலைக்கு நான் டார்னிங் பண்ணித் தருகிறவள். பெண்பிள்ளையைச் சேலை என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ரெண்டு கை தட்டினாத்தான் சத்தம்" என்பவர்களுக்கு, கன்னத்தில் அறைய ஒரு கை போதும்.

வார்த்தைகளையும் கவனியுங்கள். "கெட்டுப் போயிட்டா" என்கிறோம், கெட்டவன் அவன். "தப்பு நடந்துடுச்சு" என்கிறோம், மழை பெய்த மாதிரி, செய்தவனே இல்லாமல். "கற்பழிப்பு" என்றால் அவளிடம் ஏதோ அழிந்துபோனது என்று அர்த்தம். பாலியல் வன்கொடுமை என்று சொல்லிப் பழகியபோது ஆரம்பத்தில் எனக்கே டிவி நியூஸ் வாசிப்பதுபோல இருந்தது. "அவன் அந்தப் பொண்ணை நாசம் பண்ணிட்டான்" என்று யாராவது சொன்னால், "அவ நாசமாகலீங்க, அவந்தான் குற்றவாளி" என்று மட்டும் சொல்வேன்.

போனில் வருவதற்குப் பேச்சே கிடையாது. பெயர், போட்டோ, வீடியோ எது வந்தாலும் அனுப்பாதீர்கள், அடுத்தவருக்குக் காட்டவும் காட்டாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் 2 வருஷம் வரை ஜெயில். எங்கள் ஊர் வழக்கில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னது போலீஸ் அதிகாரியே. அதற்கு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியானபோதும் உயர் நீதிமன்றம் சொன்ன தொகை அதே 25 லட்சம். அறிக்கையை எழுதியிருந்த விதமே பெண்ணைக் குறை சொல்வதாக இருக்கிறது என்றும் நீதிபதிகள் கண்டித்தார்கள். இத்தனைக்கும் நடுவில், பொள்ளாச்சி வழக்கில் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. அன்று பெஞ்சில் லட்டு வந்தது. 2019இல் கார் கேள்வி கேட்ட அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அதே கேள்வியில் பங்குதாரர்தானே.

பேச்சு இல்லாமல், ஒரு பெண் நேரே உங்களிடம் வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால்? கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். "சொன்னது நல்லதாச்சு கண்ணு, உம் மேல தப்பில்ல." இவ்வளவுதான் முதலில். "ஏன் அப்பவே சொல்லல?" என்பது அக்கறையில் வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். பெரியவளாக இருந்தால் முடிவு அவளுடையது. நீங்கள் கூடப் போகலாம், இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

நடந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தால் ஒரு துணிக்காரியாகச் சொல்கிறேன், போட்டிருந்ததைத் துவைக்காதீர்கள். காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். புகார் எழுதவில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரி வைத்தியத்தை மறுக்க முடியாது, அரசு, தனியார் எதுவானாலும் இலவசம். எந்த ஸ்டேஷனிலும் புகார் எடுக்க வேண்டும், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக்கூடாது. வாக்குமூலம் எழுதுவது பெண் போலீசாக இருக்க வேண்டும்.

உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: 181 பெண்களுக்கு, 1098 பிள்ளைகளுக்கு. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி முதலில் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்க நின்று அதை யார் படிப்பார்கள்? இப்போது ட்ரையல் ரூமுக்குள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில், கொண்டி போட்ட பிறகு கண்ணில் படும் உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கை பட்டு அழுக்காவதால் மாதம் ஒருமுறை அட்டையை மாற்றுவேன். போன மாதம் பழையதைப் பிய்க்கும்போது பார்த்தேன், 1098க்குக் கீழே யாரோ என் மார்க்கிங் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். புது அட்டையில் கடை போன் நம்பரையும் சேர்த்து எழுதினேன்.